சீட் எதில் கிடைக்கும் என்று கேட்பதற்கு முன்னால்

பிளஸ் டூ ரிசல்ட் வந்துவிட்டால் தருமபுரி மாவட்டம் பாலக்கோட்டில் நாங்கள் நடத்துகிற இ-சேவை மையத்தில் நிற்க இடம் இருக்காது. சாதிச் சான்று, வருமானச் சான்று, அப்புறம் அரசு கலைக் கல்லூரிக்கான ஆன்லைன் விண்ணப்பம். வருகிறவர்கள் எல்லாரும் கேட்பது ஒரே கேள்விதான்: "எந்த கோர்ஸ் போட்டா சீட் கெடைக்கும்?" அப்பா கேட்பார், மாமா கேட்பார், துணைக்கு வந்த பக்கத்து வீட்டு அண்ணன் கேட்பார். படிக்கப் போகிற பிள்ளை மட்டும் மதிப்பெண் பட்டியலைப் பிடித்துக்கொண்டு பேசாமல் நிற்கும். "உனக்கு என்ன படிக்கணும்னு இருக்கு கண்ணு?" என்று நான் கேட்டால் அது திரும்பி அப்பா முகத்தைப் பார்க்கும்.

நான் தருமபுரி அரசு கலைக் கல்லூரியில் பி.ஏ. வரலாறு படித்தேன். என்னிடம் விண்ணப்பம் போட வருகிற பிள்ளைகளுக்குச் சொல்ல எனக்கு நிறைய இருக்கிறது, ஆனால் பின்னால் இன்னும் பத்துப் பேர் நிற்கும்போது கவுண்டரில் உட்கார்ந்தபடி எதையும் முழுதாகச் சொல்ல முடிவதில்லை. அதனால்தான் இங்கே எழுதி வைக்கிறேன். நான் சொல்ல வருவது இதுதான்: இளநிலைப் பட்டம் என்பது மூன்று வருஷம், ஆறு செமஸ்டர், அந்த மூன்று வருஷமும் வகுப்பில் எதைப் படிக்கப் போகிறோம் என்று தெரிந்துகொண்டு அப்புறம் விருப்ப வரிசை போடுங்கள். சீட் கிடைக்குமா என்பது அதற்கு அடுத்த கேள்வி. நம் பக்கத்தில் இது தலைகீழாக நடக்கிறது, அதற்கான விலையைப் பிள்ளைகள் கொடுக்கிறார்கள்.

முதலில் எங்கெங்கே படிக்கலாம் என்று பார்த்துவிடலாம். சேலத்திலிருந்து பிரிந்து தருமபுரி தனி மாவட்டமான 1965-லேயே இங்கே அரசு கலைக் கல்லூரியும் வந்துவிட்டது. கிருஷ்ணகிரியில் ஆடவர் கல்லூரி ஒன்று, மகளிர் கல்லூரி ஒன்று. அப்புறம் ஓசூர், பென்னாகரம், அரூர், பாப்பிரெட்டிப்பட்டி. பெண்களுக்கென்று காரிமங்கலத்திலும் பர்கூரிலும். எல்லாமே 1997-இல் தொடங்கிய சேலம் பெரியார் பல்கலைக்கழகத்தோடு இணைந்தவை. பழைய, பெரிய கல்லூரிகளில் தமிழ், ஆங்கிலம், வரலாறு, பொருளியல், வணிகவியல், கணிதம், இயற்பியல், வேதியியல், தாவரவியல், விலங்கியல், கணினி அறிவியல் என்று வரிசையாக இருக்கும். புதிய கல்லூரிகளில் ஐந்தாறு பாடம்தான் இருக்கும். வீட்டுக்குப் பக்கம் என்பதற்காக இல்லாத பாடத்தை விட்டுவிட்டு இருக்கிற பாடத்தில் சேர்வது இங்கே சர்வசாதாரணம். அரசு கலைக் கல்லூரிப் பிள்ளைகளுக்கு பஸ் பாஸ் இலவசம், பெண்களுக்கு டவுன் பஸ்ஸில் டிக்கெட்டுக்குக் காசே கிடையாது. பாலக்கோட்டிலிருந்து தருமபுரிக்கும் போகலாம், கிருஷ்ணகிரிக்கும் போகலாம். பிடித்த பாடத்துக்காகத் தினமும் அரை மணி நேரம் கூடுதலாகப் பயணம் செய்வது பெரிய விஷயமே இல்லை என்று பெற்றோரிடம் நான் வாதாடியே சொல்வேன்.

விண்ணப்பம் எல்லாக் கல்லூரிக்கும் ஒரே இணையதளத்தில்தான். கட்டணம் 48 ரூபாய், பதிவுக்கு 2 ரூபாய். பட்டியல் சாதி, பழங்குடிப் பிள்ளைகளுக்கு அந்த 2 ரூபாய் மட்டும். இதில் யாரும் கவனிக்காத ஒன்று ரேங்க் பட்டியல். எல்லாருக்கும் ஒரே பட்டியல் கிடையாது. பி.ஏ. தமிழுக்குப் பிளஸ் டூ தமிழ்ப் பாடத்தில் வாங்கிய மதிப்பெண்ணை வைத்துத் தனிப் பட்டியல், பி.ஏ. ஆங்கிலத்துக்கு ஆங்கில மதிப்பெண்ணை வைத்துத் தனிப் பட்டியல், மற்ற எல்லாவற்றுக்கும் மொழிப் பாடங்களை விட்டுவிட்டு நான்கு முக்கியப் பாடங்களின் 400-க்கு எவ்வளவு என்று ஒரு பட்டியல். ஆக, இயற்பியலிலும் கணக்கிலும் சுமாராக வாங்கி, தமிழில் 95 வாங்கிய பிள்ளை மொத்த மதிப்பெண்ணைப் பார்த்து மனம் விட்டுவிடுகிறது. தமிழ்ப் பட்டியலில் அது முன்வரிசையில் இருக்கும். இதைச் சொல்லும்போது சில பிள்ளைகளின் முகம் மாறுவதை நான் பார்த்திருக்கிறேன். தனக்கு நிஜமாகவே பிடித்த ஒன்றில் தான் முதல் ஆட்களில் ஒருவர் என்று அதுவரை யாரும் அவர்களிடம் சொன்னதில்லை.

இன்னொன்று, பிளஸ் ஒன் சேரும்போதே பாதிக் கதவுகள் முடிவாகிவிடுகின்றன. அறிவியல் குரூப் படித்த பிள்ளை பி.ஏ. வரலாறு சேரலாம், தமிழ் சேரலாம், பொருளியல் சேரலாம். ஆனால் வரலாறு, பொருளியல் குரூப் படித்த பிள்ளை பி.எஸ்சி. இயற்பியலுக்குப் போக முடியாது. கணக்கு இல்லாமல் பி.எஸ்சி. கணிதம் இல்லை, உயிரியல் பக்கம் படிக்காமல் தாவரவியலோ விலங்கியலோ இல்லை. பத்தாம் வகுப்பில் பிள்ளை இருக்கிற வீடுகளில் இப்போதே இதைப் பேசி வையுங்கள்.

சரி, உள்ளே என்ன படிக்கிறோம்? எந்தப் பட்டமானாலும் அமைப்பு ஏறக்குறைய ஒன்றுதான். பகுதி ஒன்று தமிழ், பகுதி இரண்டு ஆங்கிலம், பகுதி மூன்றில் முதன்மைப் பாடமும் துணைப் பாடமும், அப்புறம் சுற்றுச்சூழல் கல்வி, விழுமியக் கல்வி, திறன் சார்ந்த தாள்கள், என்.எஸ்.எஸ்., என்.சி.சி. மாதிரி விரிவாக்கப் பணிகள். 2022-க்கு அப்புறம் அரசின் நான் முதல்வன் திறன் பயிற்சி வகுப்புகளும் சேர்ந்துகொண்டன. ஒரு தாளுக்கு 100 என்றால் 25 அகமதிப்பீடு, 75 செமஸ்டர் தேர்வு. இதில் துணைப் பாடத்தை மட்டும் சேரும் முன்பே கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும். வேதியியல் படிக்கப் போகிறவருக்குத் துணைப் பாடமாகக் கணிதமும் இயற்பியலும் வரலாம், கணினி அறிவியலுக்குக் கணிதம் வரும். கணக்குக்குப் பயந்து கம்ப்யூட்டர் எடுத்த பிள்ளைகள் இரண்டாவது செமஸ்டரில் அரியரோடு என்னிடம் ஹால் டிக்கெட் எடுக்க வருகிறார்கள். பாடத்திட்டம் முழுக்க பல்கலைக்கழக இணையதளத்தில் இருக்கிறது. ஒரு பாடத்துக்கு அதைப் பிரிண்ட் எடுத்தால் முக்கியமான பக்கங்கள் இருபது கூட வராது. மூன்று வருஷத்துக்கான தாள்களின் தலைப்பையாவது பிள்ளையும் பெற்றோரும் உட்கார்ந்து ஒரு தடவை வாசியுங்கள். நான் கேட்பது அவ்வளவுதான்.

"வெறும் பி.ஏ.தானே" என்கிற பேச்சு இருக்கிறதே, அதற்கு நான் பதில் சொல்லியே ஆக வேண்டும், ஏனென்றால் அந்தப் பேச்சு படிக்கிற பிள்ளையை முதல் நாளிலிருந்தே கூனிக் குறுக வைக்கிறது. என் பாடத்தையே எடுத்துக்கொள்கிறேன். பி.ஏ. வரலாறு என்றால் அரசர்களின் பெயரும் வருஷமும் மனப்பாடம் செய்வது என்று நினைத்துத்தான் நானும் போய் உட்கார்ந்தேன். முதல் வருஷத்திலேயே எங்களைத் தருமபுரி அருங்காட்சியகத்துக்கு அழைத்துப் போனார்கள். அங்கே வெட்டவெளியில் வரிசையாக நடுகற்கள். ஒன்றின் முன்னால் எங்களை உட்கார வைத்தார் எங்கள் பேராசிரியர். இடக்கையில் வில், வலக்கையில் குறுவாள், உடம்பில் அம்பு தைத்திருக்கிறது; மேலே வட்டெழுத்தில் நான்கைந்து வரி. எந்த அரசனுக்கு எத்தனையாவது ஆட்சி ஆண்டு, யாருடைய சேவகன், எந்த ஊர்த் தொறுவை, அதாவது மாட்டு மந்தையை, எதிரிகள் ஓட்டிக்கொண்டு போனபோது மீட்டுப் பட்டான் என்று அதில் இருக்கும். எழுத்துகளை ஒவ்வொன்றாக விரலால் தடவிக் காட்டினார். செங்கம், தருமபுரிப் பக்கத்து நடுகற்கள் சில பல்லவர் காலம் வரைக்கும் போகின்றன. எங்கள் ஊர் ஏரிக்கரையில் வேடியப்பன் என்று பொங்கல் வைக்கிற கல்லும் இதே மாதிரிக் கல்தான் என்று எனக்கு அங்கேதான் புரிந்தது. இறந்து ஆயிரம் வருஷத்துக்கும் மேலான ஒரு சாதாரண மனிதனுடைய பெயரை அவன் சாமியாகிவிட்ட ஊரிலேயே வைத்து வாசிக்க முடிகிறது. வேறு எந்தப் படிப்பும் எனக்கு இதைக் கொடுத்திருக்காது.

அதோடு நிற்கவில்லை. அதியமான் நெடுமான் அஞ்சியைப் பள்ளியில் ஒளவைக்கு நெல்லிக்கனி கொடுத்தவனாகத்தான் படித்திருந்தோம். 1981-இல் கண்டெடுத்த ஜம்பைக் கல்வெட்டு அவனை "ஸதியபுதோ" என்று சொல்கிறது, அசோகரின் கல்வெட்டில் சேர சோழ பாண்டியரோடு சேர்த்துச் சொல்லப்படுகிற சத்தியபுத்திரர் அதியமான் மரபினர்தான் என்பதற்கு அதுதான் பெரிய சான்று. பர்கூருக்குப் பக்கத்து மயிலாடும்பாறையில் கிடைத்த இரும்பு கி.மு. 2172-ஐச் சேர்ந்தது என்று 2022-இல் அறிவித்தார்கள். 2025-இல் தூத்துக்குடி மாவட்டத்துச் சிவகளையின் காலக்கணிப்பு அதைவிடவும் பின்னால் போய்விட்டது, ஆனாலும் நம் பக்கத்துக் குன்று ஒன்று உலகத்தின் இரும்புக் கால விவாதத்துக்குள் போனது போனதுதான். அப்புறம் பாராமகால், நம் பகுதியின் பழைய பெயர் அது. 1792-இல் திப்பு சுல்தானிடமிருந்து இந்தப் பகுதி கிழக்கிந்தியக் கம்பெனி கைக்குப் போனதும் கேப்டன் ரீடும் அவருக்குக் கீழே தாமஸ் மன்றோவும் இங்கேதான் நிலத்தை வயல் வயலாக அளந்து, இடையில் ஜமீன்தார் இல்லாமல் உழுகிறவனோடு நேராகத் தீர்வை பேசிப் பார்த்தார்கள். அதுதான் பின்னால் ரயத்துவாரி என்று மெட்ராஸ் மாகாணம் முழுக்கப் போனது. இன்றைக்கு என் மையத்தில் பட்டா நகல் எடுக்க வருகிற ஒவ்வொருவர் கையிலும் இருக்கிற காகிதத்தின் பூர்வீகம் இந்த மண். இதைப் படித்தவள் என்று சொல்வதில் எனக்கு ஒரு குறைவும் இல்லை.

வேலை? வரலாறு படித்துவிட்டு பி.எட். முடித்தால் சமூக அறிவியல் பட்டதாரி ஆசிரியர் ஆகலாம். முதுகலை வரலாறோ தமிழோ முடித்தவர்களுக்குத் தொல்லியல் துறையே நடத்துகிற இரண்டு வருஷ முதுகலைப் பட்டயப் படிப்பு இருக்கிறது, உதவித்தொகையோடு. டி.என்.பி.எஸ்.சி. குரூப் 1, குரூப் 2-இல் பெரும்பாலான பதவிகளுக்கு ஏதாவது ஒரு பட்டம் போதும், பொது அறிவுத் தாளில் வரலாறு படித்தவருக்குக் கை கொஞ்சம் ஓங்கித்தான் இருக்கும்.

ஆசிரியர் வேலை என்றதும் ஒரு எச்சரிக்கை. நம் மாநிலத்தில் தமிழ், ஆங்கிலம், வரலாறு, புவியியல், கணிதம், அறிவியல் பாடங்களில் இளநிலை முடித்தால் நேராக பி.எட். சேரலாம். பொருளியலும் வணிகவியலும் அரசியல் அறிவியலும் அப்படி இல்லை, முதுகலையும் முடித்தால்தான் பி.எட். "டீச்சர் ஆவணும்" என்று கண்ணில் கனவோடு வருகிற பெண் பிள்ளைகள் பொருளியலில் சேர்ந்து மூன்றாவது வருஷத்தில் இதைத் தெரிந்துகொண்டு அழுகிறார்கள். இன்னும் இரண்டு வருஷம் படிக்க வைக்க வீட்டில் சம்மதிக்க மாட்டார்கள், அதற்குள் மாப்பிள்ளை பார்க்க ஆரம்பித்துவிடுவார்கள். சேரும்போது யாராவது ஒருவர் சொல்லியிருந்தால் அந்தப் பிள்ளை வரலாறோ புவியியலோ எடுத்திருக்கும். பொருளியல் மட்டமான பாடம் என்று நான் சொல்லவில்லை. பாலக்கோடு தக்காளி மண்டியில் ஒரு மாதம் கிலோ நூறு ரூபாயைத் தொடுவதும் இன்னொரு மாதம் பறிக்கிற கூலிக்குக் கூடக் கட்டாமல் ரோட்டோரம் கொட்டுவதும் ஏன் என்று ஒழுங்காகப் படித்துச் சொல்ல நம் மாவட்டத்துக்குப் பொருளியல் படித்தவர்கள் நிறையப் பேர் வேண்டும். எம்.ஏ. வரைக்கும் போக முடியும் என்றால் தாராளமாக எடுங்கள்.

பி.காம்.-க்குத்தான் இப்போது அதிகக் கூட்டம். காமர்ஸ் குரூப் படித்தவர்களுக்கு இயல்பான வழி அதுதான், நன்றாகப் படித்தால் நல்ல வழியும் கூட. பி.காம். 55 சதவீதத்தோடு முடித்தால் சி.ஏ.வின் முதல் கட்டமான ஃபவுண்டேஷன் தேர்வு எழுதாமலே நேராக இன்டர்மீடியட்டுக்குப் பதிவு செய்யலாம் என்பது தருமபுரியில் எத்தனை பேருக்குத் தெரியும்? சி.ஏ. என்றால் பெரிய ஊர்ப் பணக்காரப் பிள்ளைகள் படிப்பது என்று இங்கே விட்டுவிடுகிறார்கள். கிருஷ்ணகிரியில் மாங்கூழ்த் தொழிற்சாலைகள், புளி வியாபாரம், கிரானைட், ஓசூரில் அத்தனை கம்பெனிகள்; எல்லாருக்கும் கணக்கு எழுதவும் ஜி.எஸ்.டி. தாக்கல் செய்யவும் ஆள் வேண்டியிருக்கிறது.

கம்ப்யூட்டர் பற்றி எல்லாருக்கும் எல்லாம் தெரியும் என்று நினைக்கிறார்கள், அதனால் சுருக்கமாகவே சொல்கிறேன். பி.எஸ்சி. கணினி அறிவியலில் கணிதம் கூடுதலாக வரும், பி.சி.ஏ.வில் புரோகிராமும் பயன்பாடும் அதிகம், இரண்டிலிருந்தும் டான்செட் நுழைவுத் தேர்வு எழுதி எம்.சி.ஏ. போகலாம். வீட்டில் கம்ப்யூட்டர் இல்லாத பிள்ளை கல்லூரி லேப் நேரத்தை ஒரு நிமிஷம் கூட விடக் கூடாது. பட்டம் மட்டும் வைத்துக்கொண்டு பெங்களூர் பஸ் ஏறினால் டேட்டா என்ட்ரி வேலைதான் கிடைக்கும்.

ஆங்கில இலக்கியத்துக்கு வருகிறேன். "இங்கிலீஷ் பேச வரும்னு சேர்த்து வுடறேன்" என்று பெற்றோர் சொல்வது இதற்குத்தான். பி.ஏ. ஆங்கிலம் பேச்சுப் பயிற்சி வகுப்பு இல்லை. சாசர், ஷேக்ஸ்பியர், மில்டன், கவிதை, நாடகம், இலக்கிய விமரிசனம், மொழியியல் என்று போகும். கதை படிக்கப் பிடித்த பிள்ளைக்கு அது சொர்க்கம். பேச்சு மட்டும் வேண்டும் என்கிற பிள்ளைக்கு முதல் செமஸ்டரே மலையாக நிற்கும். கிராமத்து அரசுப் பள்ளியில் தமிழ் வழியில் படித்துவிட்டு ஆங்கில இலக்கியத்தில் சேர்ந்து, முதல் வருஷம் திணறி, மூன்றாவது வருஷத்தில் நாவல்களை நூலகத்திலிருந்து தானே எடுத்துப் படிக்கிற பிள்ளைகளையும் எனக்குத் தெரியும். ஆனால் அவர்கள் எதில் சேர்கிறோம் என்று தெரிந்து சேர்ந்தவர்கள். தமிழும் அப்படித்தான். நன்னூல், தொல்காப்பியம், யாப்பு, சங்கப் பாடல்கள் எல்லாம் சும்மா வராது, உழைக்க வேண்டும். "வேற எதுவும் கெடைக்கலன்னா தமிழ்ல போடுங்க" என்று யாராவது சொன்னால் எனக்கு நிஜமாகவே கோபம் வருகிறது. இப்போது டி.என்.பி.எஸ்.சி. தேர்வுகளில் தமிழ்த் தாளில் 40 சதவீதம் வாங்காவிட்டால் மற்ற தாளைத் திருத்தவே மாட்டார்கள், குரூப் 4-இல் 200 கேள்வியில் 100 கேள்வி தமிழ். தமிழை ஆழமாகப் படித்தவர்களுக்கு அங்கே மதிப்பு இருக்கிறது.

அறிவியல் பாடங்களில் வேதியியலைப் பற்றி மட்டும் கொஞ்சம் விரித்துச் சொல்கிறேன், காரணம் நம் ஊர்த் தண்ணீர். பாலக்கோடு, பென்னாகரம் பக்கத்துப் பெரியவர்கள் சிரிக்கும்போது பல்லில் பழுப்புக் கோடு தெரிவதைப் பார்த்திருப்பீர்கள். நிலத்தடிப் பாறையிலிருந்து ஃபுளோரைடு கரைந்து போர்த் தண்ணீரில் வருகிறது. லிட்டருக்கு 1 மில்லிகிராம் வரைக்கும் நல்லது, வேறு வழியில்லாவிட்டால் 1.5 வரை ஏற்கலாம் என்பது குடிநீருக்கான இந்தியத் தர அளவு. அதைத் தாண்டிப் பல வருஷம் குடித்தால் முதலில் பல், அப்புறம் எலும்பு. இதற்காகவே ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் கொண்டுவந்தார்கள், 2013-இல் அது செயல்பாட்டுக்கு வந்தது. பி.எஸ்சி. வேதியியல் சேர்கிற பிள்ளை லேபில் பியூரெட்டைப் பிடித்து, ஈ.டி.டி.ஏ. கரைசலைச் சொட்டுச் சொட்டாக விட்டு, ஒயின் சிவப்பு சட்டென்று நீலமாகிற இடத்தில் நிறுத்தித் தண்ணீரின் கடினத்தன்மையைக் கணக்கிடும். அந்தப் பரிசோதனையைத் தன் வீட்டு போர்த் தண்ணீரைக் கொண்டுவந்து செய்து பார்த்த ஒரு மாணவி, அதன் முடிவை என்னிடம் டைப் அடிக்க எடுத்து வந்திருந்தாள். "அக்கா, எங்கூட்டுக் கொடத்துல ஏன் வெள்ளையா படியுதுன்னு இப்பத்தான் தெரிஞ்சுது" என்றாள். அவள் இப்போது எம்.எஸ்சி. படிக்கிறாள். தண்ணீர்ப் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்க்க வேண்டும் என்பது அவள் விருப்பம், மாவட்டத்துக்கும் அவளைப் போன்றவர்கள் தேவை.

விலங்கியல், தாவரவியல் படிக்கிறவர்களுக்கும் இந்த மாவட்டங்கள் பெரிய ஆய்வுக்கூடம்தான். தருமபுரியில் பட்டுக்கூடு அங்காடி, ஓசூரில் பட்டு வளர்ப்புப் பயிற்சி நிலையம், மேலகிரிக் காடு, சித்தேரி மலை எல்லாம் கூப்பிடு தூரத்தில் இருக்கின்றன. புள்ளியியல் இருக்கிற கல்லூரியில் அதை யாரும் கேட்பதே இல்லை, டி.என்.பி.எஸ்.சி. தேர்வுகளில் புள்ளியியல் சார்நிலைப் பணிகள் என்றே தனியாக இருக்கின்றன. கணக்கு பிடித்த பிள்ளை அதை விருப்ப வரிசையில் மேலே வைக்கலாம்.

இப்போது பயிற்று மொழி. விண்ணப்பத்தில் பல பாடங்கள் தமிழ் வழி, ஆங்கில வழி என்று இரண்டு தடவை வரும். ஆங்கில வழி என்றால் உசத்தி என்று பெற்றோர் உடனே அதைத் தொடச் சொல்வார்கள். நிறுத்தி யோசிக்க வேண்டிய இடம் இதுதான். தமிழ் வழியில் படித்தவர்களுக்கு அரசு வேலையில் 20 சதவீத இடம் தனியாக இருக்கிறது, 2010-ஆம் ஆண்டுச் சட்டம். 2020 திருத்தத்துக்கு அப்புறம் ஒன்றாம் வகுப்பிலிருந்து அந்த வேலைக்குத் தேவையான கல்வித் தகுதி வரைக்கும் முழுக்கத் தமிழ் வழியில் படித்திருக்க வேண்டும். குரூப் 4-க்குப் பத்தாம் வகுப்பு வரை தமிழ் வழி என்றால் போதும். குரூப் 2, குரூப் 1 பட்டப் படிப்புத் தகுதி கேட்பவை, அதனால் கல்லூரியிலும் தமிழ் வழிதான் வேண்டும். பன்னிரண்டு வருஷம் தமிழ் வழியில் படித்துச் சேர்த்த உரிமையைக் கடைசி மூன்று வருஷத்தில் யோசிக்காமல் விட்டுவிடாதீர்கள். தனியார் வேலைக்கோ வெளிமாநில மேற்படிப்புக்கோ போகத் திட்டமிருந்தால் ஆங்கில வழி எடுப்பதில் அர்த்தம் இருக்கிறது. எதுவாக இருந்தாலும் முடிவு செய்து எடுங்கள், கவுண்டரில் அவசரத்தில் எடுக்காதீர்கள்.

பட்டத்தின் பெயரையும் பாருங்கள். அரசு வேலை அறிவிப்பில் குறிப்பிட்ட பட்டத்தைக் கேட்டிருந்தால் அந்தப் பெயரில்தான் உங்கள் சான்றிதழ் இருக்க வேண்டும். பெயர் மாறினால் சமநிலை என்று அரசாணை இருக்கிறதா என்று தேடி அலைய வேண்டும். நவீனமான பெயரில் புதுப் புதுப் பட்டங்கள் வருகின்றன. சிலது நல்ல படிப்பு, சந்தேகமில்லை, ஆனால் ஆசிரியர் வேலையோ அரசு வேலையோ குறி என்றால் சேர்வதற்கு முன்பே சமநிலை பற்றிக் கேட்டுவிடுங்கள். சான்றிதழ் சரிபார்ப்பு வரைக்கும் போய் இதனால் திரும்பி வந்தவர்கள் எங்கள் தெருவிலேயே இருக்கிறார்கள்.

பணத்தைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் கடைசியில் பல வீடுகளில் பேச்சு அங்கேதான் வந்து நிற்கிறது. அரசு கல்லூரியில் இளநிலைக்குக் கல்விக் கட்டணம் கிடையாது. மற்ற கட்டணங்கள் பாடத்துக்குப் பாடம் மாறும், லேப் இருந்தால் சற்றுக் கூடும். ஆறு முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியிலோ, அரசு உதவி பெறும் பள்ளியில் தமிழ் வழியிலோ படித்திருந்தால் பெண் பிள்ளைகளுக்குப் புதுமைப் பெண், ஆண் பிள்ளைகளுக்குத் தமிழ்ப் புதல்வன் என்று மாதம் 1000 ரூபாய் வருகிறது. முதலாவது 2022 செப்டம்பரில் தொடங்கியது, இரண்டாவது 2024 ஆகஸ்டில். பிள்ளை பெயரிலேயே வங்கிக் கணக்கு வேண்டும், அதில் ஆதார் இணைந்திருக்க வேண்டும். அம்மா கணக்கைக் கொண்டுவந்து மாதக்கணக்கில் பணம் வராமல் அலைகிறவர்கள் அதிகம், ஜூன் மாதத்துக்குள் அதை முடித்துவிடுங்கள்.

கலந்தாய்வு அன்றைக்கு என்ன நடக்கும் என்று தெரியாமல் போவதால்தான் கடைசி நிமிஷக் குழப்பம். மாற்றுத் திறனாளிகள், விளையாட்டு, முன்னாள் படைவீரர் பிள்ளைகள் போன்ற சிறப்புப் பிரிவுக்கு முதலில் நடக்கும், அப்புறம் ரேங்க் வரிசைப்படி. உள்ளே போனதும் எந்தப் பாடத்தில் எந்த இட ஒதுக்கீட்டுப் பிரிவுக்கு எத்தனை இடம் மிச்சம் என்று பலகையிலோ திரையிலோ போட்டிருப்பார்கள், உங்கள் கண் முன்னாலேயே அது குறைந்துகொண்டு வரும். பெயர் கூப்பிட்டு மேஜை முன்னால் நிற்கும்போது பேராசிரியர் ஒருவர் "எக்கனாமிக்ஸ் இருக்கு, ஹிஸ்டரி இருக்கு, எதும்மா வேணும்?" என்று கேட்பார். பின்னால் வரிசை நிற்கும், யோசிக்க ஒரு நிமிஷம் கூட இருக்காது. அந்த ஒரு நிமிஷத்தில் பதில் சொல்ல வேண்டியது பிள்ளை, பெற்றோர் அல்ல. முந்தின நாள் ராத்திரியே முதல் விருப்பம் இல்லாவிட்டால் இரண்டாவது என்ன, அதுவும் இல்லாவிட்டால் மூன்றாவது என்ன என்று ஒரு தாளில் பிள்ளை கையால் எழுதி எடுத்துப் போகச் சொல்லுங்கள்.

டி.சி., பத்து, பதினொன்று, பன்னிரண்டு மதிப்பெண் பட்டியல்கள், சாதிச் சான்று, ஆதார், வங்கிப் புத்தகம் எல்லாம் அசலும் நகலுமாக, போட்டோவும் சேர்த்து எடுத்துக்கொள்ளுங்கள். முதல் சுற்றில் கேட்டது கிடைக்கவில்லை என்றால் ஊர் திரும்பி எது கையில் அகப்பட்டதோ அதில் பணம் கட்டிவிடாதீர்கள். இன்ஜினியரிங், நர்சிங் என்று வேறு பக்கம் இடம் கிடைத்துப் போகிறவர்களால் அரசு கலைக் கல்லூரிகளில் ஒவ்வொரு வருஷமும் காலியிடம் விழுகிறது, அதற்கு அடுத்தடுத்த சுற்று நடத்துகிறார்கள். கல்லூரி அறிவிப்புப் பலகையை வாரம் ஒரு தடவை நேரில் போய்ப் பாருங்கள். முடியாதவர்கள் எங்கள் மையத்துக்கு வாருங்கள், ரேங்க் பட்டியலையும் காலியிட அறிவிப்பையும் எடுத்துப் பார்த்துச் சொல்கிறேன், அதற்குக் காசு வாங்குவதில்லை.